பூட் ஆகாத பென்டிரைவும் மூன்று வெள்ளிக்கிழமைகளும்



ஈசா டவுன் வாலிபர் குழு என்றதும் சபையில் பலருக்கு நினைவு வருவது கிறிஸ்மஸ் நாடகமும், அது முடிந்த பிறகு மேடையெங்கும் சிதறிக் கிடக்கும் தெர்மாகோல் துண்டுகளும்தான். இந்த இதழில் நாங்கள் சொல்ல வந்தது வேறு. ஒரு பழைய லேப்டாப், ஒரு பென்டிரைவ், எங்கள் அவசர புத்தி, மூன்று வெள்ளிக்கிழமைகள்.

நம் சபையின் மூத்த அங்கிள் ஒருவர் விசா முடித்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருட பஹ்ரைன் வாழ்க்கை. சாமான்களில் பாதியைக் கார்கோவில் போட்டாகிவிட்டது. மீதி இருந்ததில் ஒன்று பழைய லேப்டாப். அதைத் திறந்தால் விண்டோஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதாகச் சொல்லும், சுற்றும், மறுபடி அதே இடத்துக்கு வரும். கடையில் காட்டியிருக்கிறார். "ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தர்றோம், சாயங்காலம் வாங்க" என்றார்களாம். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது எங்களிடம் வந்து கேட்டார்: "மக்ளே, ஃபார்மேட் பண்ணினா உள்ள இருக்க படமெல்லாம் போயிருமா?"

போய்விடும் என்றோம். அங்கிள் டீயைக் கீழே வைத்துவிட்டார். ஆன்ட்டி கர்த்தருக்குள் நித்திரையடைந்து மூன்று வருடமாகிறது. பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடியவர் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். வீட்டில் பயிற்சி செய்யும்போது அவர் பாடியதை அங்கிள் அந்த லேப்டாப்பில் பதிவு செய்து வைத்திருக்கிறார். மூன்று பாட்டு. வேறு எங்கும் பிரதி இல்லை. விமானத்துக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது.

எங்களுக்கு இது எளிதான வேலையாகத் தெரிந்தது. விண்டோஸ்தானே கெட்டிருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது அப்படியேதான் இருக்கும். ஒரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, படங்களையும் பாட்டுகளையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தால் முடிந்தது. இப்படிக் கிளப்பப் பயன்படுவதைத்தான் பூட் டிஸ்க் என்கிறோம். அப்பா அம்மா காலத்தில் அது 1.44 எம்பி ஃபிளாப்பி, அண்ணன்மார் காலத்தில் சிடி, இப்போது பென்டிரைவ். தமிழ்நாட்டில் 2011 முதல் கொடுத்த அரசு லேப்டாப்பை வாங்கியவர்கள் எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் உண்டு. ஆன் செய்ததும் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும் அந்தக் கறுப்புத் திரை அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாஸ் லினக்ஸ் சென்னை சிடாக்கில் உருவானது. ஆகவே லினக்ஸ் நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை என்று தைரியமாக இறங்கினோம்.

முதல் வெள்ளிக்கிழமை, இந்தியன் ஸ்கூல் பக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் ஃபிளாட்டில் கூடினோம். ஒரு தம்பி முந்தின இரவே ஒரு சின்ன லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, சினிமா நகலெடுப்பதைப் போல பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். செருகினோம், ஆன் செய்தோம். பழையபடி விண்டோஸ் சுற்றல்தான். பென்டிரைவை அந்த லேப்டாப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏன் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுவது விண்டோஸ் அல்ல. போர்டில் உள்ள ஒரு சிப்பில் சின்ன மென்பொருள் ஒன்று இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. அது நினைவகத்தையும் கீபோர்டையும் சரிபார்த்துவிட்டு, தன் பட்டியலில் உள்ள டிஸ்க்குகளை வரிசையாகப் போய்க் கேட்கும்: "கிளப்புவதற்கு உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?" பயாஸ் என்றால் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் ஒரு குறிப்பிட்ட அடையாளம் இல்லையென்றால் அடுத்த டிஸ்க்குக்குப் போய்விடும். யூஇஎஃப்ஐ என்றால் ஃபேட் வகைப் பகுதி ஒன்றில், இஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரில், குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பைத் தேடும். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கை மடித்துக் கட்டிய பொட்டலம். பொட்டலத்தை அப்படியே உள்ளே வைத்தால் இந்த இரண்டுமே கிடைக்காது. அதைப் பிரித்து, அடையாளத்தோடு பென்டிரைவில் எழுத வேண்டும். ரூஃபஸ் போன்ற மென்பொருள் செய்வது அதைத்தான்.

பெரியவர்களுக்கு ஒரு பழைய ஞாபகம். சிஸ்டம் டிஸ்க் அல்ல, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று அந்த நாளில் கம்ப்யூட்டர் மிரட்டுமே, அப்போது பெரும்பாலும் யாரோ ஃபிளாப்பியை வெளியே எடுக்க மறந்திருப்பார்கள். அதுவும் இதே கதைதான். கேட்ட இடத்தில் கிளப்பும் பொருள் இல்லை. அந்த முதல் பகுதியில் ஒளிந்துகொள்ளும் வைரஸ்களும் இருந்தன. ஐபிஎம் பிசியைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் பிரெயின், 1986-இல் லாகூரிலிருந்து கிளம்பி, ஃபிளாப்பியின் பூட் பகுதியில் உட்கார்ந்துகொண்டுதான் ஊர் சுற்றியது.

சரி, ரூஃபஸ் கொண்டு எழுதலாம் என்றோம். இங்கேதான் நாங்கள் வெட்கப்பட வேண்டிய இடம். மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் இரண்டு பென்டிரைவ் செருகியிருந்தன. ஒன்று காலி. மற்றது ஞாயிறு பள்ளி அக்காவுடையது (நம் ஊரில் ஞாயிறு பள்ளி வெள்ளிக்கிழமை நடக்கும் என்பது வேறு விஷயம்). அழிந்துவிடும், சரியா என்று ரூஃபஸ் கேட்டது. பெயரைப் படிக்காமல் சரி என்று அழுத்தினோம். பிள்ளைகளின் ஆண்டு விழா இசைத் தடங்கள் அத்தனையும் போயிற்று. அக்கா திட்டவில்லை. "வேற ஒரு காப்பி வீட்ல இருக்கும்னு நினைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். இல்லை என்று பிறகு தெரிந்தது. தம்பி தங்கைகளே, இப்படி எழுதும்போது வேண்டிய பென்டிரைவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிடுங்கள். ஒருவர் நூலின் பெயரைப் படிக்க, இன்னொருவர் அழுத்தட்டும்.

அன்றைக்கு அத்தோடு எழுந்துவிட்டோம்.

அடுத்த வெள்ளி ஒழுங்காக எழுதிய பென்டிரைவோடு வந்தோம். இம்முறை எங்களோடு ஒரு நிறுவனத்தின் ஹெல்ப் டெஸ்க்கில் வேலை பார்க்கும் தங்கச்சியும் வந்திருந்தாள். வந்ததும் அவள் கேட்டது ஒரு நோட்டு. ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டின் பின்பக்கம் கிடைத்தது. "ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்துவோம் அண்ணா. மாத்தினத எழுதுவோம்." அதுவரை நாங்கள் ஐந்து பேரும் ஐந்து யோசனையை ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தோம்.

அவள் முதலில் அந்தப் பென்டிரைவை அங்கிளின் லேப்டாப்பில் செருகவே இல்லை. எங்களில் ஒருவருடைய நல்ல லேப்டாப்பில் செருகிக் கிளப்பிப் பார்த்தாள். அங்கே லினக்ஸ் மெனு வந்தது. ஆக பென்டிரைவ் சரி, குறை அங்கிளின் லேப்டாப் பக்கம். இந்த ஒரு சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடுகிறது. பூட் டிஸ்க் கிளம்பவில்லை என்று யாராவது சொன்னால் இனி எங்கள் முதல் கேள்வி, "வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தியா?" என்பதுதான்.

இரண்டாவது கேள்வி, எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று லேப்டாப்பிடம் சொன்னோமா என்பது. பட்டியலில் ஹார்ட் டிஸ்க் முதலில் இருந்தால் அது பென்டிரைவிடம் வரவே வராது. ஆன் செய்த உடனே ஒரு கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் மெனு வரும். டெல், லெனோவோ லேப்டாப்புகளில் பெரும்பாலும் எஃப் 12. ஹெச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப் 9. ஏசரும் எஃப் 12-தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப் 2 வழியே உள்ளே போய் அந்த மெனுவை இயக்கி வைத்தால்தான் அது வேலை செய்யும். சில லேப்டாப்பில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். இன்னொரு சூட்சுமம்: விண்டோஸ் 8-இலிருந்து ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையாக முதலிலிருந்து தொடங்கும்.

அங்கிளின் லேப்டாப்பில் எவ்வளவு தட்டியும் மெனு வரவில்லை. கடைசியில் விசாரித்தால், ஒரு நாள் அதன் மேல் வரிசையில் சாயா கொட்டியிருக்கிறது. அந்தக் கீ செத்தே போயிருந்தது! நம் ஈசா டவுன் பழைய சந்தை எதற்கு இருக்கிறது? 2012-இல் தீயில் எரிந்தும் மறுபடி எழுந்து நிற்கிற சந்தை அது. பழைய சோபாவிலிருந்து பறவைக் கூண்டு வரை கிடைக்கும் இடத்தில் ஒரு கீபோர்டு கிடைக்காதா? ஒரு தம்பி போய் ஒரு தினாருக்கு யுஎஸ்பி கீபோர்டு வாங்கி வந்தான். நடுவில் எஸ் எழுத்து அழிந்திருந்தது, எஃப் 12 இருந்தது. மெனு வந்தது. (விண்டோஸ் பழுதுபார்க்கும் திரையிலேயே, ஒரு சாதனத்திலிருந்து தொடங்கு என்று ஒரு வழி பல கம்ப்யூட்டர்களில் இருப்பதைப் பிறகுதான் கவனித்தோம். ஒரு தினார் மிச்சமாகியிருக்கும்.)

மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருந்தது, மற்றதில் இல்லை. இதில் பலர் குழம்புகிறார்கள். ரூஃபஸில் எழுதும்போது ஜிபிடி என்றோ எம்பிஆர் என்றோ ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் (இந்த ஜிபிடிக்கும் உங்கள் வீட்டுப்பாடம் செய்துதரும் ஜிபிடிக்கும் சம்பந்தமில்லை). பழைய பயாஸ் கம்ப்யூட்டர் என்றால் எம்பிஆர், யூஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி எடுத்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. மாற்றி எழுதினால் பெயர் பட்டியலில் தெரியும், தேர்ந்தெடுத்தால் கண் சிமிட்டிவிட்டு மறுபடி பட்டியலுக்கே திரும்பும். நாங்கள் யூஇஎஃப்ஐ உள்ளதைத் தேர்ந்தெடுத்தோம். சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது: பாதுகாப்பு மீறலாம், செக்யூர் பூட் அனுமதிக்கவில்லையாம்.

செக்யூர் பூட் என்பது விண்டோஸ் 8 காலத்தில், 2012-இலிருந்து பரவிய ஏற்பாடு. கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் கிளம்ப விடும். பூட் பகுதியில் ஒளியும் வைரஸ்களைத் தடுக்கத்தான் இந்தக் காவல். எங்கள் சின்ன லினக்ஸுக்கு அந்தக் கையொப்பம் இல்லை. அப்படியென்றால் நல்ல லேப்டாப்பில் எப்படி வந்தது? அதில் செக்யூர் பூட்டை அதன் சொந்தக்காரர் எப்போதோ அணைத்து வைத்திருந்தார். பென்டிரைவ் சரி என்று நோட்டில் நாங்கள் எழுதியது பாதி உண்மைதான்.

"ஆஃப் பண்ணிடுவோம்" என்று ஒரு தம்பி கை நீட்டினான். தங்கச்சி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

காரணம் பிட்லாக்கர். இப்போது வரும் பல லேப்டாப்புகளில் ஹார்ட் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டே இருக்கிறது. சொந்தக்காரருக்கே அது தெரிவதில்லை. செக்யூர் பூட்டைத் தொட்டால் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று நினைத்து, அடுத்த முறை 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு மறந்திருந்தால்? அந்தக் கணக்கே ஆன்ட்டி பெயரில் இருந்திருந்தால்? சாவி இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பதை யாராலும் படிக்க முடியாது. லினக்ஸில் கிளப்பினாலும் அதே சாவியைத்தான் கேட்கும்.

அவள் விண்டோஸ் பழுதுபார்க்கும் திரையில் கட்டளைப் பகுதிக்குப் போய் பிட்லாக்கர் நிலையைக் கேட்டாள். பூட்டு இல்லை என்று வந்தது. அங்கிள் சோபாவில் உட்கார்ந்து எங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியும் நாங்கள் அமைப்பைத் தொடவில்லை. கையொப்பம் உள்ள லினக்ஸ்கள் உண்டே. உபுண்டு, ஃபெடோரா இரண்டும் செக்யூர் பூட்டோடு கிளம்பும். லேப்டாப்பை மாற்றுவதை விடப் பென்டிரைவை மாற்றுவது மேல் என்று முடிவெடுத்தோம். உபுண்டு இறக்கினோம். கிட்டத்தட்ட 6 ஜிபி. எழுதிக் கிளப்பினால் மெனு வந்தது, எழுத்துகள் ஓடின, பாதியில் நின்றது. மறுபடி முயன்றால் வேறு ஓர் இடத்தில் நின்றது.

இப்படிக் கிளம்பிய பிறகு நிற்பது வேறு வகைக் கோளாறு. அதற்குப் பூட் மெனுவைக் குடைந்து பயனில்லை. இறக்கிய கோப்பே உடைந்திருக்கலாம், பென்டிரைவ் மோசமாக இருக்கலாம், திரைக்கான சிப்போடு ஒத்துப்போகாமல் இருக்கலாம் (அதற்கு உபுண்டு மெனுவிலேயே பாதுகாப்பான கிராபிக்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது), நினைவகமே கெட்டிருக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது என்பதை நோட்டில் பார்த்த தங்கச்சி பென்டிரைவைச் சந்தேகப்பட்டாள். ஆனாலும் முதலில் கோப்பின் எஸ்ஹெச்ஏ 256 எண்ணைச் சரிபார்க்கச் சொன்னாள். உபுண்டு தளத்தில் வெளியிட்ட எண்ணும், ரூஃபஸில் ஐஎஸ்ஓ பெயருக்குப் பக்கத்தில் உள்ள டிக் பட்டனை அழுத்தினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாகவே இருந்தன. ஆக கோப்பு நல்லது. பென்டிரைவ் ஏதோ கண்காட்சியில் இலவசமாகக் கொடுத்தது. 64 ஜிபி என்று மேலே அச்சடித்திருந்தார்கள். முழுவதும் எழுதி, திரும்பப் படித்துச் சோதித்தால் 8 ஜிபிகூட உருப்படியாக இல்லை.

அந்த வெள்ளியும் முடிந்தது. இடையில் ஒரு வாரம். அங்கிளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் யாரிடமும் போன் செய்து கேட்கவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது வெள்ளி, கடையில் காசு கொடுத்து வாங்கிய பென்டிரைவ், அதே உபுண்டு, அதே ஒரு தினார் கீபோர்டு. மெனு, எழுத்துகள், பிறகு திரை முழுவதும் நிறம். யாரோ கை தட்டினார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. நிறுவப் போகிறாயா, நிறுவாமல் பார்க்கப் போகிறாயா என்று உபுண்டு கேட்கும். பார்க்கிறேன் என்பதை மட்டும் தொடுங்கள். நிறுவு என்று போய், டிஸ்க்கை அழித்து நிறுவு என்பதற்கும் சரி சொல்லிவிட்டால் கடைக்காரர் செய்ய இருந்ததை நாமே செய்ததாகிவிடும்.

ஹார்ட் டிஸ்க் தெரிந்தது. சில லேப்டாப்பில் இந்த இடத்தில் டிஸ்க்கே தெரியாது. இன்டெல்லின் ரெய்டு முறையில் அதை வைத்திருப்பார்கள். அதை மாற்றினால் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம், அனுபவம் உள்ளவரிடம் விடுங்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும் என்ற நிலையில் டிஸ்க் திறந்தது. எங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

ஆனால் டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். விண்டோஸ் ஏன் கெட்டது என்பது அப்போதுதான் புரிந்தது. டிஸ்க்கே சாகக் கிடந்தது. மூன்று வாரமாக அதை நாங்கள் எத்தனை முறை அணைத்து ஏற்றினோம் என்று நோட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்து வாயடைத்துப் போனோம். முதல் நாளே சத்தத்தைக் கவனித்திருக்க வேண்டும். ஏசி சத்தத்திலும் எங்கள் பேச்சிலும் யார் கேட்டது?

எதை முதலில் எடுப்பது என்று அங்கிளிடம் கேட்டோம். கல்யாணப் படம், பிள்ளைகளின் ஞானஸ்நானப் படம் எல்லாம் இருந்தன. "பாட்டை எடுங்க மக்ளே. படம் ஊர்ல ஆல்பத்துல கொஞ்சம் இருக்கு." முதல் பாட்டு வெளி டிஸ்க்குக்கு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது முக்காலில் நின்று, படிக்க முடியவில்லை என்று பிழை காட்டியது. அதை அங்கேயே விட்டுவிட்டுப் படங்களை எடுத்தோம். பிறகு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓடவிட்டோம். கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். அந்த வீட்டு ஆன்ட்டி லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு சின்ன ஃபேனையும் அதன் பக்கம் திருப்பிவிட்டார். இரவெல்லாம் ஓடியது. படங்கள் கிட்டத்தட்ட முழுவதும் கிடைத்தன. மூன்றாவது பாட்டில் கடைசிச் சரணம் மட்டும் கிடைக்கவே இல்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்புகள் நம் சபை வீடுகளில் நிறையவே இருக்கும். அவற்றில் லினக்ஸ் போட்டுத் தர முடியுமா என்று இப்போதே சிலர் கேட்கிறார்கள். போட்டுத் தருகிறோம். ஆனால் கொண்டு வருவதற்கு முன் உள்ளே இருப்பதை இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிட்லாக்கர் சாவியை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். ஞாயிறு பள்ளி இசைத் தடங்கள் யாரிடமாவது இருந்தால் அக்காவிடம் கொடுங்கள், எங்கள் மானம் கொஞ்சம் திரும்பும்.

சனிக்கிழமை காலை அங்கிள் வந்தபோது லேப்டாப் இன்னும் உபுண்டுவில்தான் இருந்தது. வெளி டிஸ்க்கிலிருந்து முதல் பாட்டைப் போட்டோம். லேப்டாப் ஸ்பீக்கர் கரகரத்தது. பாட்டுக்கு முன்னால் ஆன்ட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெக்கார்டு ஆகுதா?" என்று கேட்பது பதிவாகியிருக்கிறது. அங்கிள் அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை போடச் சொன்னார். பிறகு தன் போனை நீட்டினார்.

"இதுலயும் ஒண்ணு ஏத்திக் குடுங்க மக்ளே. மோளுக்கும் அனுப்பணும்."